கல் மேசை ஆடிய நாள்

மேடம் எதற்கெடுத்தாலும் தன் இரண்டு கையையும் விரித்து ஒரு தடவை பார்த்துக்கொள்வார். விரல் நுனி பத்தும் பழுத்த பப்பாளியின் உள்பக்கம் போல நிறம் ஏறியிருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் அது போகாது. எண்ணெயிலிருந்து நிறத்தைப் பிரித்து எடுப்பதுதான் அவருக்கு வேலை. அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "என் கைதான் தப்பு பண்ணியிருக்கும்" என்பார். குடுவையை வேறு யாராவது போட்டு உடைத்திருப்பார்கள். அப்போதும் அதேதான். "நான் ஓரத்துல வெச்சிருப்பேன். சாரமில்ல, விடு."

சாரமில்லை என்றால் பரவாயில்லை என்று இந்தத் திருவனந்தபுரத்தில் அர்த்தம். மேடம் மலையாளி. என்னிடமும் லேபில் ஆராய்ச்சி செய்த நாகர்கோவில் பெண்ணிடமும் மட்டும் தமிழ் பேசுவார். அந்தத் தமிழில் பாதிக்கு மேல் சாரமில்லைதான்.

கேட்டில் இருந்த காவல்காரர் கேலி செய்வார். "சேச்சீ, நம்ம மேடம் தலையில தேங்கா விழுந்தா, தென்னைக்குக் கீழ தலையைக் கொண்டு வெச்சது நான்தானேன்னு தென்னைகிட்ட மன்னிப்புக் கேக்கும்." நானும் சிரிப்பேன். பிறகு சிரித்ததற்காக வருத்தமாக இருக்கும்.

ஒரு தடவை எல்லாரும் வேன் பிடித்துக் கல்லாற்றுக்குப் போனோம். கால் நனைக்க இறங்கினபோது ஆபீஸ் குமாஸ்தாவின் செருப்பு ஒன்று தண்ணீரோடு போய்விட்டது. மேடம் அந்த மனுஷனிடம் போய், "இங்க எறங்கலாம்னு நான்தானே சொன்னேன்" என்று வருத்தப்பட்டார். அந்த ஆளாவது இல்லை என்று சொல்லியிருக்கலாம். "ஆமா மேடம், நீங்கதான் சொன்னீங்க" என்று அவரும் தலையாட்டினார். திரும்பும்போது பார்த்தால் மேடம் தன் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு சரளைக்கல்லில் நடந்து வருகிறார். அவர் செருப்பு அந்த ஆளுக்குப் பொருந்தவா போகிறது? குமாஸ்தா ஒருத்தர் மட்டும் வெறுங்காலோடு நடக்கக் கூடாதாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு படித்த ஒருத்தி ஊரார் தப்பையெல்லாம் இப்படி இழுத்து மடியில் போட்டுக்கொள்ள வேண்டுமா என்று தோன்றியது.

நான் அவர் லேபில் ஒன்பது வருஷம் குடுவை கழுவினேன். கழுவினேன் என்று சொல்வதில் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கண்ணாடி இருப்பதே தெரியக் கூடாது, கையில் கனம் மட்டும்தான் தெரிய வேண்டும். அப்படிக் கழுவுவேன். மேல்மாடி லேபுக்காரர்கள் இறங்கி வந்து என் அலமாரியைப் பார்த்துவிட்டுப் போவார்கள். "அம்மா என்ன சோப்புப் போடுறீங்க?" என்று கேட்பார்கள். நான் சொல்லமாட்டேன். அங்கே கொடுக்கிற சோப்புத் தண்ணீரில் என் கை வெடித்துப் புண்ணாகிவிட்டது. அதனால் எங்கள் ஆரியசாலை மொத்தக் கடையில் நயம் சீயக்காய் வாங்கி, இடித்துச் சலித்து, ஒரு டப்பாவில் கொண்டுபோய் சிங்குக்குக் கீழே வைத்திருந்தேன். எண்ணெய்ச் சட்டிக்குச் சீயக்காயை விட்டால் வேறென்ன இருக்கிறது? மேடம் லேபில் எல்லாமே எண்ணெய்.

அந்த எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரேஷன் கடையில் வாங்குகிற பாமாயில் நிறத்தை எடுத்துவிட்ட எண்ணெய். பழத்திலிருந்து பிழிந்தவுடன் அது ரத்தச் சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பு கண்ணுக்கு நல்லது, கேரட்டில் இருப்பதும் அதுதான் என்பார் மேடம். எண்ணெயைக் கொதிக்கக் காய்ச்சி வெளுத்தால் அந்த நிறம் செத்துப்போகும். சாகாமல் உயிரோடு பிரித்து எடுக்க என்சைம் என்று ஒன்றைப் போடுவார்கள். ஒருநாள் சிங்கின் பக்கத்தில் நின்றபடியே எனக்குச் சொன்னார்.

"அக்கா, இது எண்ணெயை மட்டும் கடிச்சுத் துண்டாக்கும். நிறத்தைத் தொடாது. அதிகம் சூடு வேண்டா, அவசரமும் வேண்டா."

"கடிக்குமா? பல் இருக்கா அதுக்கு?"

"பல் மட்டும்தான் அக்கா இருக்கு. வாயும் இல்ல, வயிறும் இல்ல."

அதை அப்படியே எண்ணெயில் போட்டால் திரும்ப எடுக்க முடியாதாம். அதனால் ஜவ்வரிசி மாதிரி சின்னச் சின்ன மணிகளின் மேல் அதை ஒட்டவைத்திருந்தார். வேலை முடிந்ததும் மணிகளைத் துணியில் வடிகட்டி, அவரே கலக்கி வைத்த ஒரு தண்ணீரில் பதமாக அலசி, ஃபிரிட்ஜில் வைப்பார். அடுத்த தடவைக்கு அதே மணி. ஒவ்வொரு தடவையும் புது மணி வேண்டுமென்றால் வெளியே ஒருத்தரும் இதைச் செய்யமாட்டார்கள், திரும்பத் திரும்ப வேலை செய்தால்தான் இதற்கு அர்த்தம் என்பார். பதினோரு தடவை அந்த மணிகள் சோர்வில்லாமல் வேலை செய்தன. நாகர்கோவில் பெண்ணின் ஆராய்ச்சிப் புத்தகமும் அதை வைத்துத்தான். மேடம் ரிட்டயர் ஆக நாலு மாசம் இருந்தது.

சிங்கில் எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. இடது பக்கம் வைத்ததை நான் கழுவ வேண்டும். வலது பக்கம் வைத்ததைத் தொடவே கூடாது. வந்த முதல் நாளே மேடம் சொன்னது.

டெல்லியிலிருந்து பெரிய மனுஷர்கள் பார்க்க வந்த காலை. மேடம் மணிகளை வடிகட்டிக்கொண்டிருந்தார். ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு பேசினில் மணிகளைத் துணியோடு வைத்துவிட்டுப் போனார். வலது பக்கம்தான் வைத்தார். நான் பார்த்தேன். பேசினின் விளிம்பெல்லாம் சிவப்பு எண்ணெய் வழிந்து பிசுபிசு என்று இருந்தது. அந்தப் பக்கம் பளபளவென்று என் குடுவைகள். நடுவில் இது கிடக்கிறது. வருகிறவர்கள் முதலில் இதைத்தானே பார்ப்பார்கள், இங்கே கழுவுகிறவள் இவ்வளவுதானா என்றுதானே நினைப்பார்கள் என்று மனசு அரித்தது. வெந்நீரில் இரண்டு கரண்டி சீயக்காயைக் கரைத்து, பேசினையும் கழுவி, அதில் இருந்த மணிகளையும் எண்ணெய் போக அலசினேன். வெள்ளை வெளேரென்று வந்தன. கடைசியில் நல்ல தண்ணீர் விட்டு, வடிகட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். மேடம் வந்து பார்த்து, "இந்தத் தடவை நல்லா வடிஞ்சிருக்கு, அல்லே?" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பன்னிரண்டாவது தடவை மணிகள் வேலை செய்யவில்லை.

எண்ணெய் உடைந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கொஞ்சம் எடுத்து, அதில் ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். நன்றாக உடைந்திருந்தால் நிறையச் சொட்டு விட்ட பிறகுதான் ரோஸ் நிறம் வரும். அன்றைக்கு இரண்டாம் சொட்டிலேயே வந்துவிட்டது. நல்ல பன்னீர் ரோஜா நிறம். நான் அழகாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

மேடம் கையை விரித்துப் பார்த்தார்.

அன்றிலிருந்து இரண்டு மாசம். எண்ணெயை மாற்றிப் பார்த்தார். தண்ணீரை மாற்றிப் பார்த்தார். பழைய நோட்டையெல்லாம் எடுத்துப் படித்தார். புதிதாக மணி செய்து பார்க்க என்சைம் இல்லை. வெளிநாட்டிலிருந்து வர மாசக்கணக்கில் ஆகும், அதற்குள் அவருக்கு நாள் முடிந்துவிடும். முன்னே செய்ததில் எண்ணெயே படாத மணி ஒரு சிட்டிகை மட்டும் சின்னப் புட்டியில் மிச்சம் இருந்தது. அதைத் தொட மனசு வரவில்லை.

மூன்றாம் நாளே எனக்கு விளங்கிவிட்டது. அந்தப் பெண் போனில் யாரிடமோ, "மணி மேல என்சைமே இல்ல, யாரோ கழுவி விட்ட மாதிரி இருக்கு" என்று சொன்னது காதில் விழுந்தது. கையில் இருந்த குடுவையைக் கீழே வைத்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடும் என்ற பயம் இல்லை, வீடுகளில் பாத்திரம் தேய்த்தும் நான் பிழைப்பேன். ஆனால் நான் கழுவியதில் குற்றம் என்று ஒருத்தர் ஒரு நாள் சொன்னது கிடையாது. அந்த ஒரு வார்த்தையைக் கேட்க என்னால் முடியவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறுவேன். சொல்லாமலே திரும்பி வருவேன்.

நான் சொல்லாததால், தப்பு எப்போதும் இருப்பதாக அவர் நினைக்கிற ஒரே இடத்துக்கு, தன் கைக்கே, மேடம் போய்ச் சேர்ந்தார்.

லேபின் மூலையில் ஒரு கல் மேசை உண்டு. அதன் மேல்தான் தராசு. ஒரு தூசு விழுந்தாலும் எண் மாறிவிடுகிற தராசு. ரோட்டில் லாரி போகிற அதிர்வுகூடத் தட்டக் கூடாது என்று அதற்கு மட்டும் நாலு விரற்கடை கனத்தில் கல். அதில் மணிகளை நிறுப்பது எப்போதும் மேடம்தான். ஒருநாள் கரண்டியை எடுத்தவர் அப்படியே நின்றார். கையைப் பார்த்தார். "மோளே, இனிமே நீ வெயிட் எடு. என் கை நடுங்குது. பதினோரு தடவையும் தப்பாத்தான் நிறுத்திருப்பேன் போலிருக்கு" என்றார்.

"நடுங்கல மேடம்" என்றாள் அந்தப் பெண்.

"உனக்குத் தெரியாது. நான்தானே பாக்கேன்."

அதன் பிறகு பார்த்தால், உண்மையாகவே நடுங்கத் தொடங்கிவிட்டது. டீக் கப்பை எடுத்தால் அது சாஸரில் கடகடவென்று தட்டும். டாக்டரிடம் போய்வந்தார். ஒன்றும் இல்லை என்று சொன்னார்களாம். "டாக்டர்கிட்ட நான் சரியாச் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். ஒருநாள் மத்தியானம் என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சோற்று டப்பாவைத் திறந்தார். மாங்காய் ஊறுகாயை எனக்கு எடுத்து வைத்தார். அவர் இரண்டு வாய்தான் சாப்பிட்டார்.

"அக்கா, முப்பது வருஷமா இந்தக் கையை நம்பியிருக்கேன் கேட்டோ" என்றார். டப்பாவை மூடிவிட்டு எழுந்து போனார்.

மறுவாரம் திங்கட்கிழமை, அவரும் அந்தப் பெண்ணும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் அலமாரி துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ரிப்போர்ட்ல இப்படி எழுதிடலாம்" என்றார் மேடம். "இந்த மணி திரும்பத் திரும்ப வேலை செய்யாது. முதல்ல சொன்ன பதினோரு கணக்கும் என்னோட பிழை. அதைத் திரும்ப எடுத்துக்கிடுறேன். நீ வேற விஷயம் பாத்துப் புதுசா ஆரம்பிச்சிடு மோளே. உன் நாலு வருஷத்தைக் கெடுத்தது நான்தான்."

அந்தப் பெண் அழுதாள். கழக்கூட்டத்தில் ஹாஸ்டலில் இருந்துகொண்டு தினமும் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் நசுங்கி வருகிற பெண். அவள் அழுததுகூட எனக்குப் பெரிதில்லை. மேடம் தன் பிழை என்று தன் வாயால் சொல்லி, தன் விரலால் அதை டைப் அடிக்க ஆரம்பித்தார். அதைப் பார்க்க முடியவில்லை.

துணியை மடித்து வைத்துவிட்டுப் போய் நின்றேன்.

"மேடம், அந்த மணியை நான் கழுவிட்டேன்."

"எந்த மணி?"

"செத்துப்போச்சே, அந்த மணி. டெல்லிக்காரங்க வந்த அன்னைக்கு. வெந்நீர்ல சீயக்காய் கரைச்சுக் கழுவினேன்."

அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டாள். "சீயக்காயா? என்ன அத்தே சொல்றீங்க?"

மேடம் என்னைப் பார்த்தார். கோபம் வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் மடியில் கிடந்த கை மெதுவாக விரிந்தது.

"அப்போ நான் பேசினை இடது பக்கம் வெச்சிருப்பேன். ஆபீஸ்ல இருந்து விளிச்சாங்கல்லே, அந்த அவசரத்துல..."

"வலது பக்கந்தான் இருந்தது."

"இல்லக்கா, எனக்கு அன்னைக்கு வெப்ராளம், ஒரே படபடப்பு. பாக்காம இடது பக்கம்..."

"மேடம்!"

என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. மேடத்திடம் நான் அப்படிப் பேசினது கிடையாது.

"வலது பக்கம் இருந்ததை, தொடப்பிடாதுன்னு தெரிஞ்சே நான் எடுத்தேன். என் சிங்குல அழுக்கு கெடக்குன்னு எவனோ நெனைக்கப்பிடாதேன்னு எடுத்தேன். அப்புறம் தெரிஞ்சும் சொல்லல. இது என் தப்பு. ஊர்ல உள்ள தப்பையெல்லாம் நீங்க வாரிக்கிட்டது போதும். ரெண்டு மாசமா இதை வயித்துல வெச்சுக்கிட்டு பஸ் ஏறி எறங்கியிருக்கேன். இதையும் நீங்க எடுத்துக்கிட்டா பின்ன எனக்கு என்ன மரியாதை? எனக்கு விட்டுத் தாங்க."

மேடம் விரித்த கையை மூடிக்கொண்டார்.

"எத்தனை கரண்டி சீயக்காய்?" என்றார்.

"ரெண்டு."

"வெந்நீர் எத்தனை சூடு?"

"கை பொறுக்காத சூடு."

"யாரோட கை?"

"என் கைதான்."

"உங்க கை எந்தச் சூடும் பொறுக்குமே அக்கா" என்று சிரித்தார். இரண்டு மாசத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. பிறகு எழுந்து, "நீங்க சொன்னா மட்டும் போதாது. செஞ்சு பாக்கணும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "என் வார்த்தையில நம்பிக்கை இல்லையா?"

"என் கைதான் தப்புன்னு நானும்தானே ரெண்டு மாசம் சத்தியம் பண்ணினேன். அதை நம்பினதுக்கு என்ன ஆச்சு?"

சிங்குக்குக் கீழே இருந்த சீயக்காய் டப்பாவை எடுத்தேன்.

சின்னப் புட்டியில் இருந்த அந்த ஒரு சிட்டிகை மணியை அன்றைக்கு வெளியே எடுத்தார்கள். அதுதான் கடைசி. அந்தப் பெண் அதை இரண்டு பங்காக நிறுத்துப் போட்டாள். மேடம் கிட்டேயே போகவில்லை, கையைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு தள்ளி நின்றார். ஒரு பங்கை என்னிடம் கொடுத்து, அன்றைக்குக் கழுவினது போலவே கழுவச் சொன்னார்கள். சீயக்காய் கரைக்கும்போது மேடம் தண்ணீரில் சூடு பார்க்கிற குழாயை விட்டுக் குறித்துக்கொண்டார். தெரிந்தே கெடுக்கிற வேலை அது ஒன்றுதான் நான் செய்தது. மற்றப் பங்கை அந்தப் பெண் மேடத்தின் தண்ணீரில் அலசினாள். இரண்டையும் எண்ணெயில் போட்டு ஒரு நாள் ஆட்டவிட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் சொட்டு விட்டார்கள். என் பங்கு இரண்டாம் சொட்டிலேயே ரோஸ் ஆகிவிட்டது. மற்றதில் அந்தப் பெண் விட்டுக்கொண்டே இருந்தாள், விட்டுக்கொண்டே இருந்தாள், நிறம் வரவே இல்லை. எண்ணுகிறபோதே அவள் குரல் உடைந்துபோயிற்று. மணி நல்ல மணிதான். பதினோரு கணக்கும் சரிதான். கெடுத்தது சீயக்காய்.

மேடம் நோட்டில் எழுதினார். நான் மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவள். தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நோட்டு முழுக்க இங்கிலீஷ். "என்ன எழுதியிருக்காங்க, படி மக்கா" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவள் தமிழில் சொன்னாள். தண்ணீர் சூடு, சீயக்காய் எல்லாம் இருந்தது. கடைசி வரி, பேசின் வைத்த இடம் தெளிவாக இல்லாதது மேடத்தின் கவனக்குறைவு என்று.

"அந்த வரியை அடிங்க மேடம்."

"புத்தகத்துல எழுதினா அழிக்கப் பாடில்ல அக்கா, கூடாது."

"அத்தே சொல்றது சரிதான் மேடம்" என்றாள் அந்தப் பெண். "ஒரு கோடு போட்டு, பக்கத்துல கையெழுத்துப் போட்டா அடிக்கலாம். நீங்கதானே எனக்குச் சொல்லித் தந்தீங்க."

மேடம் கோடு போட்டார். அதன் கீழே, வலது பக்கம் இருந்தது, கழுவியவர் எடுத்தது என்று எழுதினார். நான் பேனாவை வாங்கி என் பெயரை எழுதினேன். சம்பள ரெஜிஸ்டரைத் தவிர வேறெங்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. மெதுவாகத்தான் போட்டேன்.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். கணக்கு சரியாயிற்று, அந்தப் பெண்ணின் புத்தகமும் பிழைத்தது. மேடத்தின் கை மட்டும் பழையபடி ஆகவில்லை. தப்பு அதில் இல்லை என்று நோட்டில் எழுதியாயிற்று. ஆனால் அந்தக் கை அதை நம்பவில்லை.

அவர் ரிட்டயர் ஆகிப் போவதற்கு முந்தின நாள், மிச்சமிருந்த அந்த நல்ல பங்கைக் கடைசியாக ஒரு தடவை நிறுத்து எண்ணெயில் போட வேண்டியிருந்தது. அந்தப் பெண் கரண்டியை எடுத்து மேடத்திடம் நீட்டினாள். மேடம் என்னைப் பார்த்தார்.

"நீங்களே போடுங்க மேடம்" என்றேன். "செதறினா நான் தொடைக்கேன்."

கல் மேசை முன்னால் உட்கார்ந்தார். கரண்டியில் மணியை அள்ளினார். கை நடுங்கியது. தட்டில் விழ வேண்டியதில் நாலைந்து மணி வெளியே விழுந்து கல்லில் உருண்டது. மேடம் கரண்டியை வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்தார். வாய் திறந்தது. என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

"மேசை ஆடுது மேடம்" என்றேன்.

அந்தக் கல்லை நாலு ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேடம் மேசையைப் பார்த்தார். அதன் விளிம்பில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"ஆமா அக்கா" என்றார். "கொஞ்சம் ஆடுது."

பிறகு, சிதறின மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட்டுவிட்டு, மறுபடியும் கரண்டியை எடுத்தார்.